வங்காள விரிகுடாவில் ஒரு மாப்பிள்ளை

மாப்பிள்ளை எந்த வழியாக ஊர் வந்து சேர வேண்டும் என்று கல்யாணப் பெண்ணே தந்தி கொடுத்தது சாந்தோமில் அதற்கு முன் நடந்ததில்லை. கொடுத்தவள் ஐரின். வயது இருபத்தேழு. கோயிலை ஒட்டிய பெண்கள் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு டீச்சர். பூகோளம் நன்றாக நடத்துவாள், பாட்டு சுமாராகச் சொல்லிக்கொடுப்பாள், தையல் அறவே வராது. இதெல்லாம் ஊருக்குத் தெரிந்த சங்கதி. ஊருக்குப் புரியாதது ஒன்றே ஒன்றுதான். ஐப்பசி பிறந்துவிட்டால் இந்தப் பெண் எதற்காக வங்காள விரிகுடாவின் படத்தை விரித்து வைத்துக்கொண்டு அதில் புயலைத் தேடுகிறாள்?

தேடத்தான் செய்தாள். பள்ளிக்கூட ஆபீஸ் அறைச் சுவரில் கடிகாரம் போல வட்டமாக ஒரு பாரோமீட்டர் தொங்கியது. காற்றின் அழுத்தம் ஏறினால் முள் ஒரு பக்கம் போகும், இறங்கினால் மறுபக்கம். காலை எட்டு மணிக்கும் மாலை நாலு மணிக்கும் அதைப் பார்த்து நோட்டில் எழுதுவாள். பிறகு இங்கிலீஷ் பத்திரிகையைப் பிரிப்பாள். முதல் பக்கத்தில் யார் யாரைக் கைது செய்தார்கள் என்பதெல்லாம் அவளுக்கு அப்புறம்தான். உள்ளே பொடி எழுத்தில் ஊர் ஊராக வானிலை போட்டிருப்பார்கள். போர்ட் பிளேர், திரிகோணமலை, நாகப்பட்டினம், மசூலிப்பட்டினம், கோபால்பூர் என்று எந்த ஊரில் எந்தத் திசைக் காற்று, அழுத்தம் எவ்வளவு, மழை எவ்வளவு என்று இருக்கும். அதை அப்படியே எடுத்துப் படத்தின் மேல் பென்சிலால் குறிப்பாள். காற்றுக்கு முகம் காட்டி நின்றால் வலது கைப் பக்கத்தில்தான் புயலின் நடு இருக்கும் என்பது கணக்கு. ஐந்தாறு ஊர்க் காற்றை இப்படிக் குறித்துவிட்டால், ஆள் அரவமே இல்லாத கடலின் நடுவில் ஏதோ ஒரு இடத்தை எல்லா வலது கைகளும் சேர்ந்து காட்டும். அந்த இடம் நாளுக்கு நாள் நகர்வதைப் பார்ப்பதில் அவளுக்கு அப்படி ஓர் ஆனந்தம்.

குப்பத்தோடும் இதில் ஒரு கொடுக்கல் வாங்கல் இருந்தது. வீட்டுக்கு மீன் கொண்டுவரும் கெங்கம்மா கூடையை இறக்கும்போதே, காத்துக் கடியாரம் இன்னா சொல்லுது என்று கேட்பாள். முள் வேகமாக இறங்குகிறது என்றால் அவள் புருஷன் தேசப்பன் அன்றைக்குக் கட்டுமரத்தைக் கரையிலேயே விட்டுவிடுவான். பதிலுக்குக் கடல் என்ன நிறம், அலை எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது, நீரோட்டம் வடக்கா தெற்கா என்று கெங்கம்மா ஒப்பிப்பாள். ஐரின் அதையும் நோட்டில் ஏற்றிக்கொள்வாள். மீனுக்குப் பேரம் பேசுவதை அண்ணி ஆலிஸ் பார்த்துக்கொள்வாள்.

அண்ணன் லியோனார்டுக்குத் துறைமுக ஆபீசில் குமாஸ்தா உத்தியோகம். அப்பாவும் அம்மாவும் போன பிறகு தங்கையைப் படிக்க வைத்து ஆளாக்கியவன் அவன்தான். தங்கமான மனிதன், ஆனால் எதற்கும் மேலிடத்துக் கையெழுத்து வேண்டும் அவனுக்கு. கல்கத்தாவிலிருந்து புயல் தந்தி வந்து, துறைமுகக் கொடிமரத்தில் கூண்டு ஏறினால்தான் அவன் மட்டில் அது புயல். அதற்கு முன்னால் தங்கை காட்டும் பென்சில் கோடுகளை எட்டிப் பார்த்துவிட்டு, சரி சரி, காபி ஆறிப்போகிறது என்று நகர்ந்துவிடுவான்.

மாப்பிள்ளை லூயிஸும் இதே கோயில் பங்கைச் சேர்ந்தவன்தான். பத்து வருஷத்துக்கு முன்னால் ரங்கூனுக்குப் போய் ஓர் அரிசி ஆலை ஆபீசில் உட்கார்ந்தவன். போன தடவை லீவில் வந்தபோது ஐரினை இரண்டு முறை பார்த்தான். அதில் ஒரு முறை அவள் மொட்டை மாடியில் நின்று மேகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள், இவனைப் பார்க்கவே இல்லை. அதற்குப் பிறகு இரண்டு வருஷம் கடிதப் போக்குவரத்து. மற்ற பெண்கள் ரங்கூனிலிருந்து பட்டும் பீங்கானும் கேட்பார்கள். இவள் கேட்டது, அங்கே காற்று எந்தப் பக்கமிருந்து அடிக்கிறது என்று. அந்த மனிதனும் சளைக்காமல் ஒவ்வொரு கடிதத்தின் அடியிலும் எழுதி அனுப்பினான்: இன்று தென்மேற்கு, மாலையில் இடி. இதற்கு மேல் ஒரு பெண் என்ன எதிர்பார்க்க முடியும்? ஐரின் சம்மதம் சொல்லிவிட்டாள்.

கல்யாணத்தை நவம்பர் இருபத்தாறு, புதன்கிழமை என்று வைத்தார்கள். நவம்பர் புயல் மாதம் என்று ஐரினுக்கா தெரியாது? வேறு வழியில்லை. லூயிஸுக்கு லீவு நவம்பர் நடுவிலிருந்து டிசம்பர் நடுவரைதான். நவம்பர் முப்பதாம் தேதி ஞாயிற்றுக்கிழமையோ ஆகமன காலம் ஆரம்பம். அன்றிலிருந்து கிறிஸ்துமஸ் வரைக்கும் நாலு வாரம் கோயிலில் கல்யாணப் பூசை கிடையாது. ஆகவே என்ன தடங்கல் வந்தாலும் இருபத்தொன்பதாம் தேதி சனிக்கிழமை மத்தியானத்துக்குள் தாலி ஏறினால் உண்டு. இல்லாவிட்டால் மாப்பிள்ளை வந்த வழியே கப்பல் ஏற வேண்டியதுதான், அடுத்த லீவு இரண்டு வருஷம் கழித்து. கோயிலில் மூன்று ஞாயிறு கல்யாண ஓலை வாசித்து ஊரறியப் பேர் சொன்ன பெண் இரண்டு வருஷம் காத்திருந்தால் சாந்தோம் வாய் சும்மா இருக்குமா?

கல்யாணத்துக்குப் பத்து நாள் முன்னால், இரண்டாவது ஓலை வாசித்த ஞாயிறன்றுதான் சனியன் ஆரம்பித்தது. கோயிலிலிருந்து வந்ததும் பத்திரிகையைப் பிரித்தாள். போர்ட் பிளேரில் அழுத்தம் இறங்கியிருந்தது, காற்று கிழக்கிலிருந்து தென்கிழக்குக்குத் திரும்பியிருந்தது. நிக்கோபார் தீவுகளுக்குப் பக்கத்தில் ஏதோ சுழன்றுகொண்டிருக்கிறது. ஐரின் ஸ்கேலை வைத்துக் கோடு இழுத்தாள். போன வருஷம் இதே மாதம் இதே இடத்தில் பிறந்தது நேராக மேற்கே வந்து கரையேறிற்று. இதுவும் அப்படி வந்தால் வெள்ளி சனியில் சென்னைக்கு எதிரே நிற்கும். லூயிஸ் டிக்கெட் வாங்கியிருந்த சென்னைக் கப்பல் ரங்கூனிலிருந்து செவ்வாய்க்கிழமை கிளம்பிச் சனிக்கிழமை வந்து சேர வேண்டியது. இரண்டும் ஒரே வாசலில் முட்டிக்கொள்ளும்.

சென்னைத் துறைமுகத்தின் சுபாவம் லியோனார்டு வீட்டில் எல்லோருக்கும் தெரியும். புயல் பெரிதாக வருகிறது என்றால் உள்ளே நிற்கும் கப்பல்களையே வெளியே கடலுக்குத் துரத்திவிடுவார்கள், சுவரில் மோதாமல் இருக்க. வருகிற கப்பலை உள்ளே விடுவார்களா? மாப்பிள்ளை கண்ணுக்கெட்டும் தூரத்தில் வந்து நின்றும் கரையேற முடியாமல் நாலு நாள் கடலில் ஆடுவான். அதைவிட, புதன்கிழமை கல்கத்தா மெயில் கப்பலில் ஏறினால் வடக்கே அமைதியான கடல், பிறகு ரயில். செவ்வாய்க்கிழமை, கல்யாணத்துக்கு முதல் நாள், சென்ட்ரலில் வந்து இறங்கிவிடலாம். லியோனார்டு, துறைமுகத்துக்கு ஒரு தந்தியும் வரவில்லையே என்றான். வரும்போது நேரம் இருக்காது என்றாள் ஐரின். மயிலாப்பூர் தபாலாபீசுக்கு நடந்தே போய், கல்கத்தா வழியாக வரவும், தெற்கே புயல், என்று தந்தி கொடுத்துவிட்டு வந்தாள். மறுநாள் பதில் வந்தது. சரி, கல்கத்தா. இரண்டே வார்த்தை.

புதன், வியாழன் இரண்டு நாளும் முள் இறங்கிற்று, சொல்லி வைத்தாற்போல. ஐரினுக்குப் பெருமை தாங்கவில்லை. வெள்ளிக்கிழமை காலையில் துண்டை உலர்த்த மாடிக்குப் போனவள் அப்படியே நின்றுவிட்டாள். துண்டு கடல் பக்கம் பறந்தது. காற்று மேற்கேயிருந்து, மயிலாப்பூர் பக்கமிருந்து, குளுகுளுவென்று வந்துகொண்டிருந்தது. வானம் துலக்கி வைத்த வெண்கலப் பானை மாதிரி இருந்தது. கீழே ஆலிஸ், எவ்வளவு நல்ல வெயில் என்று வடகம் பிழிய உட்கார்ந்துவிட்டாள். ஐரின் வலது கையை நீட்டிப் பார்த்தாள். மேற்கேயும் வடமேற்கேயும் இருந்து வரும் காற்றுக்கு முகம் காட்டினால் வலது கை வடக்கையும் வடகிழக்கையும் காட்டும். புயல் சென்னைக்கு வரவில்லை. பாதி வழியில் வடக்கே திரும்பிவிட்டது. அவள் எந்த வழியைப் பத்திரமான வழி என்று சொன்னாளோ அந்த வழியைப் பார்த்துப் போய்க்கொண்டிருக்கிறது.

சனிக்கிழமை ரங்கூன் கப்பல் குறித்த நேரத்துக்கு வந்து சேர்ந்தது. கொஞ்சம் ஆடிற்றாம், அவ்வளவுதான், ஜனங்கள் நாலு நாளும் சீட்டாடிக்கொண்டு வந்தார்களாம். சாயங்காலம் வீட்டுக்கு வந்த லியோனார்டு கால் கழுவிக்கொண்டே இதைச் சொன்னான். அப்போதே சொன்னேன் பார் என்று அவன் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் இரண்டு வார்த்தை சண்டை போட்டுத் தீர்த்திருக்கலாம்.

ஐரின் மறுபடி தபாலாபீசுக்குப் போனாள். லூயிஸ் அன்றைக்குத்தான் கல்கத்தாவில் இறங்குகிறான். கப்பல் கம்பெனி ஆபீஸ் விலாசத்துக்குத் தந்தி எழுதினாள்: புயல் வடக்கே திரும்பிவிட்டது. நான் சொன்னது தவறு. மன்னிக்கவும். ரயில் ஏறுமுன் விசாரிக்கவும். தந்தி குமாஸ்தா சுந்தரராமன் வார்த்தைகளை எண்ணிப் பார்த்துவிட்டு மூக்குக் கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார்.

"தந்தியிலே யாரும் மன்னிப்புக் கேட்டுண்டு இருக்கமாட்டாம்மா. நடுவிலே இருக்கிற ரெண்டு வாக்கியத்தையும் அடிச்சுடட்டுமா?"

வேண்டாம், அப்படியே போகட்டும் என்றாள்.

உண்மையை மறைப்பானேன்? அந்த நாட்களில் ஐரின் பயந்தாள், தன்னைத்தானே திட்டிக்கொண்டாள், சோறு இறங்கவில்லை. இருந்தாலும் காலையில் எட்டு மணி ஆனதும் பள்ளிக்கூடத்துக்கு ஓட்டமாக ஓடினாள். மசூலிப்பட்டினத்தில் காற்று எப்படி மாறியது, கோபால்பூரில் எவ்வளவு இறங்கியது என்று படத்தில் குறிக்கும்போது மனசின் ஒரு மூலையில் அந்தப் பழைய ஆனந்தம் வெட்கமில்லாமல் உட்கார்ந்திருந்தது. கட்டிக்கொள்ளப் போகிறவன் புயலுக்குள் போகிறான், இவள் புயலின் அழகைப் பார்க்கிறாள்! வெளியில் சொன்னால் அடிக்க வருவார்கள். அவள் யாரிடமும் சொல்லவில்லை.

திங்கட்கிழமை விடியற்காலையில் புயல் விசாகப்பட்டினத்துக்குத் தெற்கே கரையேறியது. செவ்வாய்க்கிழமை, மாப்பிள்ளை சென்ட்ரலில் இறங்க வேண்டிய நேரத்தில் அவனுடைய தந்தி வந்து இறங்கியது. விசாரித்துத்தான் ரயில் ஏறினேன். விசாகப்பட்டினம் வால்டேர் ஸ்டேஷனில் இருக்கிறேன், சுகம். துனி பக்கம் தண்டவாளம் அடித்துக்கொண்டு போய்விட்டது, சரி செய்ய ஒரு வாரம் ஆகும் என்கிறார்கள்.

சுகம் என்ற வார்த்தையைப் படித்ததும் ஐரின் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். ஒரு வாரம் என்ற வார்த்தையை ஆலிஸ்தான் இரண்டாம் முறை படித்தாள். பந்தல் போட்டாயிற்று. மாம்பலத்தில் புது வீடு கட்டிக் குடிபோயிருந்த ஆலிஸின் தம்பி குடும்பத்தோடு வந்து இறங்கியாயிற்று. வந்தவர்கள் எல்லோரும் குசுகுசுவென்று பேசினார்கள், ஐரின் அறைக்குள் வந்ததும் வடகத்தைப் பற்றிப் பேசினார்கள்.

புதன்கிழமை, கல்யாண நாள், கல்யாணப் பெண் பள்ளிக்கூடத்துக்குப் போனாள். எட்டு மணிக்கு முள்ளைப் பார்க்க வேண்டுமே. பார்த்தவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தாள். முள் இறங்கியிருந்தது. வடகிழக்குக் காற்று திரும்பவும் பிடித்திருந்தது. பத்திரிகையில் திரிகோணமலையின் அழுத்தமும் இறங்கியிருந்தது. முதல் புயலின் சேறு காயுமுன் தென்கிழக்கே இரண்டாவது ஒன்று உருவாகிக்கொண்டிருக்கிறது.

வீட்டுக்கு வந்தால் வாசலில் தந்திக்காரன். பதிலுக்கும் சேர்த்துக் கட்டணம் கட்டிய தந்தி. லூயிஸ் கேட்டிருந்தான்: நாளை இங்கிருந்து கரையோரக் கப்பல் ஒன்று புறப்படுகிறது, சனி காலை சென்னை. ஏறட்டுமா? ஐரினைக் கேட்டுச் சொல்லவும்.

ஐரினைக் கேட்டு! கூடத்தில் இருந்தவர்கள் மூக்கின் மேல் விரல் வைத்தார்கள். ஒரு தடவை இவள் பேச்சைக் கேட்டுத்தான் இந்தக் கதி, மறுபடியுமா என்று ஆலிஸின் தம்பி வாய்விட்டே கேட்டுவிட்டான். லியோனார்டு தங்கையைத் தனியாகக் கூப்பிட்டு, நீ எதையும் சொல்லாதே, உன் இஷ்டம் என்று ஒரு தந்தி கொடுத்துவிடுகிறேன், நல்லதோ கெட்டதோ அவனோடு போகட்டும் என்றான். அன்பினால்தான் சொன்னான். ஐரினும் ஒரு நிமிஷம் அதற்கு இணங்கத்தான் பார்த்தாள். இன்னொரு தடவை தப்பினால் இந்த முறை போவது கல்யாணம் மட்டுமல்ல, ஆளே போய்விடுவான். கரையோரக் கப்பல் ஒன்றும் பெரிதல்ல. வேண்டாம் என்று சொல்லிவிட்டாலோ உயிருக்கு ஆபத்தில்லை, கல்யாணம்தான் இல்லை. ஆனால் கேட்டவன் அவளை அல்லவா கேட்டிருக்கிறான்?

ஒரு மணி நேரம் கொடு அண்ணே என்று சொல்லிவிட்டுக் குப்பத்துக்குப் போனாள். தேசப்பன் கட்டுமரத்தின் நிழலில் உட்கார்ந்து வலையைப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் கெங்கம்மா.

"இன்னா டீச்சரம்மா, கண்ணாலப் பொண்ணு வெயில்ல வந்து நிக்கிறே?"

ஐரின் விஷயத்தைச் சொன்னாள். தேசப்பன் சிரிப்பை விட்டுவிட்டு எழுந்து நின்றான். கொஞ்ச நேரம் கடலையே பார்த்தான்.

"அல நீட்டமா வருது பாரு. ஆனா அவசரமில்லாம வருது. ஒண்ணு ஒடஞ்சி அடுத்தது வர்றதுக்குள்ள பீடி பத்த வெச்சிக்கலாம். அப்டின்னா அது தூரத்துல கீது. நாளிக்கி வராது, நாளன்னிக்கும் வராது."

"சனிக்கிழமை?"

"சனிக்கெழம காலையில கட்டுமரம் எறக்குவேன். மத்தியானம்னா, துட்டு குட்த்தாலும் எறக்க மாட்டேன்." பிறகு கையை வடக்கேயிருந்து தெற்கே வீசிக் காட்டினான். "தண்ணி தெக்கால இழுத்துக்கினு போவுது. நேத்து வலய வுட்டது ஒரு எடம், எடுத்தது அர மைலுக்கு அந்தாண்ட. வடக்கேருந்து வர்ற கப்பலுக்கு இது தள்ளி வுடுற தண்ணி. லேட்டாவாது."

நீரோட்டத்தை அவள் நினைக்கவே இல்லை. மணலில் உட்கார்ந்து நோட்டைப் பிரித்தாள். நிக்கோபாரிலிருந்து போன வாரத்துப் புயல் வந்த வேகம், இன்றைக்கு இது இருக்கும் இடம், திரிகோணமலையின் அழுத்தம் ஒரு நாளில் இறங்கிய அளவு, எல்லாவற்றையும் போட்டுப் பார்த்தாள். சனிக்கிழமை மத்தியானத்துக்கு முன்னால் அதனால் சென்னையைத் தொட முடியாது. கப்பலோ காலையில் வந்துவிடும். நடுவில் இருப்பது நாலைந்து மணி நேரம். போன தடவை, இது இப்படித்தான் போகும் என்று நினைத்துச் சொன்னாள். இந்தத் தடவை அது வேறு எப்படியெல்லாம் போகக்கூடும் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தாள். வடக்கே திரும்பினால்? திரும்பினாலும் வெள்ளிக்குள் கப்பலின் வழிக்கு எட்டாது. கடைசியாக, இதே நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு அந்தக் கப்பலில் நானே ஏறுவேனா என்று தன்னைக் கேட்டுக்கொண்டாள். ஏறுவேன் என்றுதான் பட்டது. எழுந்து மணலைத் தட்டிவிட்டுக்கொண்டு நேராகத் தபாலாபீசுக்கு நடந்தாள்.

ஏறவும். சனி காலை வரை கடல் தாங்கும். அதற்குமேல் தெரியாது. இவ்வளவுதான் தந்தி. சுந்தரராமன் இந்தத் தடவை எதையும் அடிக்கச் சொல்லவில்லை.

வியாழக்கிழமை சாயங்காலம் கப்பல் புறப்பட்டதாகச் செய்தி வந்தது. அதற்குப் பிறகு ஒன்றும் செய்வதற்கில்லை. வெள்ளிக்கிழமை மத்தியானம் கல்கத்தாவிலிருந்து புயல் தந்தி வந்து, துறைமுகத்தில் முதல் கூண்டு ஏறியது. லியோனார்டு டிராமில் வீடு வந்து சேர்ந்தான். சட்டையைக் கழற்றவில்லை, காபி கேட்கவில்லை. "ஐரின், அந்தப் படத்தை எடு" என்றான். இத்தனை வருஷத்தில் அவன் அதைக் கேட்டது அதுதான் முதல் தடவை. இருவரும் தரையில் உட்கார்ந்து பார்த்தார்கள். எந்த ஊர்க் காற்றுக்கு வலது கை எங்கே காட்டுகிறது என்று அவன் ஒவ்வொன்றாகக் கேட்டான், அவள் சொன்னாள். பெரிய கூண்டு எத்தனை மணிக்கு ஏறும் என்று நினைக்கிறாய் என்றான். பகல் பதினோரு மணிக்கு முன்னால் ஏறாது என்றாள். லியோனார்டு தலையை ஆட்டிவிட்டு, அப்படியானால் ஒன்பது மணிக்கே ஒரு டாக்ஸியைத் துறைமுக வாசலில் நிறுத்தி வைக்கிறேன் என்றான். ஐரினுக்கு அந்த ஒரு பேச்சே போதுமாயிருந்தது.

சனிக்கிழமை விடிந்தது. அந்தக் காலத்தில் பூசையில் நற்கருணை வாங்குகிறவர்கள் முந்தின நடுராத்திரியிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாமல் இருக்க வேண்டும். பூசை செய்யும் சாமியாருக்கும் அதே சட்டம்தான். அவருக்கு ஒரு நாளைக்கு ஒரே பூசைதான் உண்டு. வழக்கம்போல ஆறு மணிப் பூசையை முடித்திருந்தால் ஆறரைக்குக் காபி குடித்திருப்பார். ஐரின் கல்யாணத்துக்காக அதைத் தள்ளி வைத்துவிட்டு, கப்பல் வரட்டும் என்று வெறும் வயிற்றோடு உட்கார்ந்திருந்தார். காபி இல்லாத சாமியாரிடம் எடுபிடிக்கு இருந்த கோயில்பிள்ளை பட்ட பாட்டைச் சொல்லி மாளாது. எட்டு மணியிலிருந்து பத்து மணிக்குள் ஒரே பூ ஜாடியை நாலு இடத்துக்கு மாற்றி வைத்தான்.

ஐரின் வெள்ளைப் புடவையும் முக்காடுமாக முன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். நாக்கு ஒட்டிக்கொண்டது. ஜன்னல் வழியாகத் தென்னை மட்டைகளைப் பார்த்தாள். ஒன்பது மணிக்கு ஆடின. பத்து மணிக்கு ஒரே பக்கமாகச் சாய்ந்து நின்றன. பதினொன்றுக்குக் கோயில் கதவை இரண்டு பேர் பிடித்துச் சாத்த வேண்டியிருந்தது. பன்னிரண்டுக்குள் பூசை தொடங்காவிட்டால் அப்புறம் இல்லை. பெஞ்சுகளில் இருந்தவர்கள் கடிகாரத்தைப் பார்த்தார்கள், பிறகு அவளைப் பார்த்தார்கள். அவள் யாரையும் பார்க்கவில்லை. ஆண்டவரே, என் கணக்குத் தப்பினால் தப்பட்டும், அவர் மட்டும் கரையேறிவிடட்டும் என்று வேண்டிக்கொண்டிருந்தாள். அப்போது அவளுக்குப் படம் வேண்டியிருக்கவில்லை, புயல் வேண்டியிருக்கவில்லை, ஆள்தான் வேண்டியிருந்தது.

பதினொன்றே கால் மணிக்குப் பக்கவாட்டுக் கதவு திறந்தது. முதலில் காற்று வந்தது, அதன் பின்னால் லியோனார்டு, அவன் தோளைப் பிடித்துக்கொண்டு லூயிஸ். முகம் வாழை இலை நிறத்தில் இருந்தது. மூன்று நாள் தாடி. உடம்பில் லியோனார்டின் கோட்டு, தோளில் நிற்காமல் வழிந்தது. கல்யாண உடுப்பு இருந்த பெட்டி கப்பலிலேயே தங்கிவிட்டது. பத்து மணிக்குக் கப்பல் உள்ளே வந்து ஜனங்களை இறக்கிற்று. பத்தே முக்காலுக்குப் பெரிய கூண்டு ஏற உத்தரவாகி, கப்பல்களையெல்லாம் வெளியே போகச் சொல்லிவிட்டார்கள். பெட்டி திரும்பக் கடலுக்குப் போய்விட்டது, மாப்பிள்ளை மட்டும் கரையில் நின்றான்.

சாமியார் அவனை ஏற இறங்கப் பார்த்தார். விரதம் முறிக்காமல் இருக்கிறாயா, ஏதாவது சாப்பிட்டாயா என்று கேட்டார்.

"சாமி, வியாழக்கிழமை சாப்பிட்டதையே காக்கிநாடா தாண்டுறதுக்குள்ள கடலுக்குக் குடுத்துட்டேன்" என்றான் லூயிஸ். "அதுக்கப்புறம் ஒண்ணும் உள்ளே போகலை."

அது போதும் என்றார் சாமியார். வேகமாகப் பூசை உடுப்பை மாட்டிக்கொண்டார். அவருக்கும் பசி.

தாலி ஏறும்போது மழை பிடித்துக்கொண்டது. ஓட்டின் மேல் கொட்டிய சத்தத்தில் சம்மதம் என்று ஐரின் சொன்னது மூன்றாவது பெஞ்சுக்குக் கேட்கவில்லையாம். லூயிஸுக்குக் கேட்டது. பூசை முடிவதற்குள் பந்தல் பறந்துபோய் எதிர்வீட்டுச் சுவரில் சாய்ந்துகொண்டது. எல்லோரும் முக்காட்டைப் பிடித்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு ஓடி, நாலாம் வகுப்பு பெஞ்சுகளில் நெருக்கி உட்கார்ந்தார்கள். ஆலிஸ் அண்டாவோடு வந்து சேர்ந்தாள். சாமியாருக்கு முதல் தம்ளர் காபி போயிற்று. ஆலிஸின் தம்பி தன் பங்கு இட்லியை மாப்பிள்ளைக்கு வைத்துவிட்டு, ஐரின் முகத்தைப் பார்க்காமல் போனான்.

பெண்ணும் மாப்பிள்ளையும் சின்னப் பிள்ளைகள் உட்காரும் தாழ்ந்த பெஞ்சில் முழங்கால் இடிக்க உட்கார்ந்திருந்தார்கள். லூயிஸ் ஏழாவது இட்லியில் இருந்தான். முகத்தில் இரத்தம் ஊறத் தொடங்கியிருந்தது. ஐரின் வெகு நேரமாக மென்று விழுங்கிக்கொண்டிருந்ததைக் கேட்டாள்.

"முதல் தடவை நான் சொன்னதைக் கேட்டு வந்துதான் மாட்டிக்கிட்டீங்க. ரெண்டாவது தடவையும் எதுக்கு என்னையே கேட்டீங்க?"

லூயிஸ் வாயிலிருந்ததை விழுங்கினான்.

"எங்க ஆபீஸ்ல நாங்க இருபது பேர். பத்து வருஷத்துல ஒருத்தர்கூட, நான் சொன்னது தப்புன்னு வாயைத் திறந்து சொன்னதில்லை. கல்கத்தாவுல இறங்கினதும் உன் தந்தியைக் குடுத்தாங்க. நான் கேக்கறதுக்கு முன்னாலேயே, தப்பாப் போச்சுன்னு நீயே சொல்லியிருந்தே." தட்டில் மிச்சமிருந்த சட்னியை விரலால் வழித்தான். "அப்புறம் வால்டேர்ல நின்னுக்கிட்டு வேற யாரைக் கேக்கச் சொல்றே?"

ஐரினுக்கு அழுகை வந்துவிட்டது. ரயில் வராதபோது வராத அழுகை, கல்யாண நாள் கல்யாணமில்லாமல் கழிந்தபோது வராத அழுகை, அவ்வளவும் சந்தோஷத்தில் ஒரே மூச்சாகக் கொட்டியது. பரிமாறிக்கொண்டு வந்த ஆலிஸ் அவளைப் பார்த்துவிட்டு, பாவம் பசி மயக்கம் என்று நினைத்து, இன்னும் இரண்டு இட்லியை வைத்துவிட்டுப் போனாள்.